துருப்பிடித்த கேபினும் இரண்டு கோட் பூச்சும்: என் 407இல் ஐந்து மழைக்காலங்கள்

2020 பொங்கலுக்கு வண்டியைக் கழுவியபோதுதான் கேபினில் கிளீனர் பக்கத்துத் தரையை மூடியிருந்த மேட்டை முழுதாகத் தூக்கிப் பார்த்தேன். அடியில் விரித்திருந்த சணல் விரிப்பு ஊறிப்போய்க் கையோடு பிய்ந்து வந்தது. அதற்குக் கீழே தகரம் செங்கல் நிறத்தில் ஏடு ஏடாக உரிந்து கிடந்தது. விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. அந்த ஓட்டை வழியே வாசலில் போட்டிருந்த கோலத்தின் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

வண்டி 1999 மாடல் டாடா 407. அப்பா வாங்கியது. பாலக்கோடு சுற்றுவட்டாரத்தில் ஏற்றும் தக்காளியை ராயக்கோட்டை மண்டிக்கும், மாங்காய்க் காலத்தில் பெங்களூராக் காயைக் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கும் கொண்டுபோகிறேன். திரும்பும்போது பெரும்பாலும் உர மூட்டை. இன்ஜின் இன்னும் நன்றாக இருக்கிறது, சேசிஸும் அப்படியே. கேபின் மட்டும் கரைந்துகொண்டிருந்தது. இந்த வயது வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். தரை ஓட்டையோடு போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

துருவுக்குக் காரணம் தேடியபோது இரண்டு கிடைத்தன. ஒன்று, முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வெடித்திருந்தது. மழை பெய்யும்போதெல்லாம் டேஷ்போர்டுக்குப் பின்னால் சொட்டிய நீர் நேராக மேட்டுக்கு அடியில் இறங்கியது. மேல்பக்கம் காய்ந்திருக்கும், அடிப்பக்கம் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். இரண்டாவதை நானாக யோசித்திருக்க மாட்டேன், வண்டித் தகரத்தை வெட்டிப் பற்றவைக்கும் டிங்கர் வேலை செய்யும் பெரியவர்தான் சொன்னார். மழையில் நனையக் கூடாதென்று கடைசி இரண்டு மூட்டை பொட்டாஷைக் கேபினுக்குள் கிளீனர் பக்கம் வைத்துக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். பொட்டாஷ் என்பது உப்புதான், பொட்டாசியம் குளோரைடு. சிந்திய தூள் மேட்டுக்கு அடியில் போய் ஈரத்தோடு சேர்ந்தால் தகரத்தை அரிப்பதற்கு வேறொன்றும் வேண்டாம். எங்கே மூட்டை வைத்தேனோ சரியாக அங்கேதான் ஓட்டை விழுந்திருந்தது.

முதல் தடவை அவசரப்பட்டேன். நகரத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். ஓட்டைக்கு மேல் ஒரு தகரத்துண்டை வைத்துப் பற்றவைத்து, துருவைப் பெயருக்குச் சுரண்டிவிட்டு, லாரியின் அடிப்பக்கம் அடிக்கும் கறுப்புத் தார்ப் பூச்சையே கேபினுக்குள்ளும் ஸ்பிரே செய்து கொடுத்துவிட்டார்கள். வாங்கும்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு ஊரடங்கில் வண்டி பல நாள் வெயிலில் நின்றது. சித்திரையில் கதவைத் திறந்தால் புதிதாகத் தார் போட்ட சாலையின் வாடை முகத்தில் அடித்தது. செருப்பு தரையில் ஒட்டியது. ஆடி மாதம் ஓரங்கள் வெங்காயத்தோல் போல எழும்பின. இழுத்தால் ஒரு முழத்துக்குக் கழன்று வந்தது, அதன் உள்பக்கம் முழுவதும் துருத்தூள் ஒட்டியிருந்தது. பூச்சு தகரத்தைப் பிடிக்கவே இல்லை. துருவைப் பிடித்திருந்தது, துரு தகரத்தை விட்டுவிட்டது. தார் வகை வண்டிக்கு அடியில் அடிக்க நல்லதுதான். மனிதர் உட்காரும் இடத்துக்கு அது ஆகாது.

இரண்டாவது தடவை, 2021 மாசியில், டிங்கர் பெரியவரின் கொட்டகையிலேயே வேலையை வைத்துக்கொண்டேன். என் மைத்துனரும் வந்தார். மாசியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் அப்போது மழை இல்லை, பனியும் குறைந்துவிடும், பங்குனி வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. இந்தமுறை வாங்கியது இரண்டு பாகமாக வரும் பாலியூரிதேன் பூச்சு. பிக்கப் வண்டிகளின் சரக்குத் தொட்டிக்குள் அடிப்பார்களே, அந்த வகை. மூன்று பங்கு பூச்சுக்கு ஒரு பங்கு ஹார்டனர், அதாவது பூச்சை இறுக வைக்கும் திரவம், என்ற அளவில் கலக்க வேண்டும்.

பூசியது ஒரு நாள் வேலை. பூசுவதற்கு முன்னால் செய்தது நான்கு நாள் வேலை. சீட்டு, மேட்டு, கதவுப்படியின் பட்டை எனக் கழற்ற வந்ததையெல்லாம் கழற்றினோம். பற்றவைக்கும் முன் பெரியவர் பேட்டரி வயரை எடுத்துவிட்டார். பழைய ஒட்டுத் தகரத்தை வெட்டி எறிந்து, அரித்த பகுதியை நல்ல தகரம் தெரியும்வரை சதுரமாக அறுத்தெடுத்து, அந்த அளவுக்கே புதுத் தகரம் வெட்டி உட்கார வைத்தார். “அண்ணே, மேலேயே வைத்துப் பற்றவைத்தால் சீக்கிரம் முடியுமே” என்றேன். “இரண்டு தகரத்துக்கு நடுவில் தண்ணீர் நிற்கும் தம்பி, அடுத்த வருடம் நீ என்னைத்தான் திட்டுவாய்” என்றார். மீதித் தரையைக் கிரைண்டரில் கம்பிப் பிரஷ் மாட்டி வெள்ளையாகும்வரை தேய்த்தோம். குழிகளில் மிஞ்சிய துருவுக்கு அமிலம் தடவிக் கறுக்கவிட்டுக் கழுவிக் காயவைத்தோம். பிறகு 80 நம்பர் உப்புத்தாள். பழைய பெயின்ட் உறுதியாக இருந்த இடங்களிலும் பளபளப்பு போகும்வரை தேய்க்கச் சொன்னார். இந்த ஒரு வார்த்தையை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன். தின்னர் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து, எபாக்சி பிரைமர் அடித்து, தகர இணைப்புகளில் எல்லாம் சீலர் வைத்து, ஒரு இரவு விட்டோம்.

தரையையும் இன்ஜின் மூடி இருக்கும் புடைப்பையும் ரோலரால் பூசினோம். பின்சுவரையும் கதவுகளின் கீழ்ப்பகுதியையும் கம்ப்ரசரில் ஸ்பிரே செய்தோம். இரண்டையும் ஒரே வண்டியில் செய்ததால் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. ரோலர் போட்ட இடம் சாத்துக்குடித் தோல் போல மேடுபள்ளமாக, கனமாக இருக்கிறது. ஸ்பிரே செய்த இடம் மெல்லியதாக, சீராக, கைக்குச் சொரசொரப்பாக இருக்கிறது. தரைக்கு ரோலர்தான் சரி என்பது என் கருத்து. கனம் கூடுதலாகக் கிடைக்கிறது, பெடல் அடி போன்ற மூலைகளில் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்கவும் முடிகிறது. பார்வைக்கு வைக்கும் இடங்களுக்கு ஸ்பிரே.

மொத்தமாகக் கலக்காதீர்கள். மாசி மாதத்திலேயே அரை மணி நேரத்துக்குள் டப்பாவில் இருந்தது தேன் பதத்தைத் தாண்டிவிட்டது. ஒரு டப்பாவின் கால் பங்கை எறிய வேண்டியதாயிற்று. அடுத்த கலவைகளைச் சிறு சிறு அளவாகச் செய்தோம். டப்பாவில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இருக்கக் கூடாது. ஹார்டனர் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பிப் பூச்சுக்குள் குமிழ் விடும். மைத்துனரின் நெற்றி வியர்வை சொட்டிய ஓர் இடத்தில் அப்படி வந்த குமிழ்கள் இன்றும் இருக்கின்றன.

மூச்சு விஷயத்தில் விளையாட வேண்டாம் என்று கைகூப்பிச் சொல்கிறேன். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஆஸ்துமாவையே கொண்டுவரக்கூடியது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வதும் துணி முகக்கவசமும் இந்த ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கென்று வரும் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும், கையுறையும் கண்ணாடியும் வேண்டும், இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். ஸ்பிரே செய்யும்போது ஆபத்து பல மடங்கு அதிகம், ஏனென்றால் புகை போல உள்ளே நிற்கிறது. அதை நான் செய்யவில்லை. சரியான முகமூடி வைத்திருந்த பெயின்டர் ஒருவரை வரவழைத்தோம். அவர் அடிக்கும்போது எங்களைக் கொட்டகைக்கு வெளியே அனுப்பிவிட்டார். பூசிய பிறகு ஒரு வாரம் வண்டியை எடுக்கவில்லை. தொட்டால் மறுநாளே காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் உள்ளே இறுக நாள் பிடிக்கும்.

ஐந்து மழைக்காலம் ஓடிய பிறகு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். பொட்டாஷ் மூட்டை வைக்கும் இடத்தில் புள்ளி அளவும் துரு இல்லை. போன ஐப்பசியில் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தரை முழுவதும் தட்டிப் பார்த்தேன். பூச்சு விட்டுப்போன வெற்றுச் சத்தம் எங்கும் கேட்கவில்லை. கேபினுக்குள் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவுகிறேன், அழுகிய தக்காளிச் சாறாக இருந்தாலும் ஈ மொய்க்கும் முன் போய்விடுகிறது. முன்பெல்லாம் மேட்டை நினைத்து வயிறு கலங்கும். இப்போது மேட்டே கிடையாது. தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் கால் மாறி மாறிப் போகும், ஈரச் செருப்போடும் குதிகால் வழுக்காமல் நிற்கிறது. இந்தப் பலனை நான் எதிர்பார்க்கவில்லை, இன்று நான் முதலில் மெச்சுவது இதைத்தான்.

சத்தம் குறையும் என்று விற்பவர்கள் சொல்வதைப் பாதி நம்பலாம். தகரம் அதிர்ந்து கடகடவென்று அடிப்பது நின்றது. இன்ஜின் இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது. சூடு துளியும் குறையவில்லை. மாங்கூழ் ஆலை வாசலில் வரிசையில் நின்று கேபினிலேயே மதியம் படுத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சூட்டுக்கு இது மருந்தல்ல. கறுப்பு வாங்கியதும் தவறு. சாம்பல் நிறமும் கலந்து தருகிறார்கள், அதை வாங்கியிருக்க வேண்டும். கண்ணாடி வழியே வெயில் விழும் பகுதி வெளுத்துச் சாம்பல் பூத்துவிட்டது. உறுதிக்குக் குறை இல்லை, நிறம்தான் போயிற்று. சொரசொரப்பில் செம்மண் குழைந்து உட்கார்ந்தால் துணிக்கு வராது, தேங்காய் நார் பிரஷ்தான் வேண்டும். ஆயுத பூஜைக்கு அப்பிய மஞ்சள் வெயிலில் தானாக வெளுத்துவிடுகிறது, குங்குமம் மட்டும் குழிகளில் அப்படியே நிற்கிறது. அதை நான் துடைப்பதும் இல்லை.

இனி குறைகள். மூன்றாம் ஆண்டு கிளீனர் பக்கக் கதவுப்படியில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பூச்சு எழும்பியது. கத்தி முனையை விட்டு மெதுவாகத் தூக்கினேன். இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் போல வந்தது. அடியில் 1999இன் பழைய பெயின்ட் பளபளவென்று என் முகம் தெரியும் அளவுக்கு மின்னியது. அந்த மூலையை உப்புத்தாள் போட்டது நான். பொழுது சாய்ந்திருந்தது, கை ஓய்ந்திருந்தது, நான்கு இழுப்பு இழுத்துவிட்டு எழுந்துவிட்டேன். அங்கிருந்து நாலு விரல் தள்ளிப் பெரியவர் தேய்த்த இடம். அதே கத்தியை அங்கே வைத்து உளி போல அடித்தும் ஓரம் பிரியவில்லை. பூச்சு ஒன்றே, டப்பாவும் ஒன்றே.

அந்த ஓரத்தை வெட்டி, தேய்த்து, மறுபடி பூசினேன். ஒட்டுப்போட்டது தெரிகிறது, ஆனால் பிடித்திருக்கிறது. சீட் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுத் துளைகளுக்கு டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஓட்டுநர் சீட்டுக்கு அப்படிச் செய்தோம், கிளீனர் சீட்டின் பின் போல்ட்டுகள் இரண்டும் இறுகிப்போய் வராததால் அவற்றின் மேலேயே பூசிவிட்டோம். பின்னால் அவற்றை அறுத்தெடுக்கும்போது சுற்றியிருந்த பூச்சும் கிழிந்தது. தரையில் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிட்டதும் பெரிய பிழை. முதல் கழுவலில் அரை அங்குலத் தண்ணீர் அசையாமல் நின்றது. துளையிட்டுத் திறந்து, துளையின் உள்விளிம்புக்கும் பிரஷ்ஷால் பூசினோம். எண்கள் பொறித்த தகட்டை மட்டும் மறக்காமல் டேப் ஒட்டிக் காப்பாற்றினோம். ஆக்ஸிலரேட்டருக்குக் கீழே குதிகால் ஊன்றும் இடத்தில் எட்டணா அளவுக்குச் சொரசொரப்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. இவ்வளவு ஓட்டத்துக்கு அது நியாயம்தான்.

செலவை யோசிப்பவர்களுக்கு: நான்கு லிட்டர் வாங்கினேன், எறிந்ததும் போக முக்கால் லிட்டர் மிஞ்சியது. பூச்சுக்கான பணத்தைவிட டிங்கர் கூலிதான் அதிகம். அதில் பேரம் பேசாதீர்கள். முன்கண்ணாடி ரப்பரை முதலில் மாற்றிவிட்டுத் தரைக்கு வாருங்கள், அடிப்பக்கத்தையும் தார்ப் பூச்சால் மூடுங்கள். மேலே மட்டும் பூசினால் சாலைத் தண்ணீர் கீழிருந்து அரித்துக்கொண்டு வரும்.

டிங்கர் பெரியவருக்கு இப்போது கண் சரியில்லை, மகன்தான் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். வருகிற மாசியில் குதிகால் தேய்ந்த இடத்துக்கும் கதவுப்படிகள் இரண்டுக்கும் இன்னொரு கோட் போடச் சொல்லியிருக்கிறேன். உப்புத்தாள் போடும் அன்று தன்னையும் வந்து அழைத்துப்போகச் சொன்னார். கையால் தடவிப் பார்த்தே பளபளப்பு மிச்சம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம்.