ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு எந்த மாடல்: வாஸ்ப், சிஎஃப்டி, டபிள்யூஆர்எஃப்

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் காத்தாடிகளுக்கு வயதாகிவிட்டது. அவற்றைக் கழற்றிவிட்டு அதே நிலத்தில் 2, 3 மெகாவாட் இயந்திரம் நிறுத்தலாமா என்று கணக்குப் போட உட்கார்ந்தால் முதலில் இடிப்பது உயரம். பழையவை பெரும்பாலும் 30 முதல் 50 மீட்டரில் சுற்றின. புதியவை 120, 140 மீட்டரில் சுற்றும். அந்த உயரத்தில் காற்று எவ்வளவு என்று பெரும்பாலும் மாடல், அதாவது காற்றோட்டத்தைக் கணக்கிடும் கணினி நிரல், வைத்துத்தான் சொல்லியாக வேண்டும். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தை 5 சதவீதம் கூட்டிச் சொன்னாலே ஆற்றல் ஏறத்தாழ 16 சதவீதம் கூடிவிடும்.

போட்டியில் இருப்பவை மூன்று. டென்மார்க்கின் ரீசோ ஆய்வகத்தில் பிறந்து 1987 முதல் புழக்கத்தில் இருக்கும் வாஸ்ப். காற்றோட்டச் சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாகத் தீர்க்கும், ஓப்பன்ஃபோம் போன்ற சிஎஃப்டி மென்பொருள். வானிலைத் துறையினர் ஓட்டும் டபிள்யூஆர்எஃப். வாஸ்ப்புக்கு உரிமக் கட்டணம் உண்டு, ஓப்பன்ஃபோமும் டபிள்யூஆர்எஃப்பும் இலவசம். ஆனால் இலவசத்துக்குக் கணினியிலும் ஆள் நேரத்திலும் விலை கொடுக்க வேண்டும்.

வாஸ்ப்: சமவெளியில் கெட்டிக்காரன்

காற்றை அளக்கும் கோபுரமான மாஸ்டின் ஓர் ஆண்டுத் தரவு, சமஉயரக் கோட்டு வரைபடம், நிலத்தின் சொரசொரப்பு வரைபடம் மூன்றையும் கொடுத்தால் சாதாரண மடிக்கணினியில் சில நிமிடத்தில் விடை வரும். வரைபடம் தளத்தைச் சுற்றிக் குறைந்தது 10 கிலோமீட்டர் விரிய வேண்டும். ஹப், அதாவது இறக்கைகள் சுற்றும் மையம், 120 மீட்டரில் என்றால் 12 கிலோமீட்டர், அதாவது உயரத்தைப் போல் 100 மடங்கு.

இதன் உள்ளே இருப்பது நேரியல் சமன்பாடு. காற்று தரையை ஒட்டியே வழுக்கிச் செல்லும் என்று வைத்துக்கொள்கிறது. சரிவு 30 சதவீதத்தை, அதாவது சுமார் 17 டிகிரியைத் தாண்டினால் காற்று தரையைவிட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும். அது வாஸ்ப்புக்குத் தெரியாது. சுற்றுவட்டாரத்தில் எத்தனை பங்கு நிலம் அந்தச் சரிவைத் தாண்டுகிறது என்பதை ரிக்ஸ் என்ற எண் சொல்லும். மாஸ்ட் சமவெளியிலும் காத்தாடி கரடுமுரடான மலைச்சரிவிலும் இருந்தால் வாஸ்ப் கூட்டிச் சொல்லும். இடம் மாறினால் குறைத்துச் சொல்லும். இரண்டுக்கும் ரிக்ஸ் ஒத்திருந்தால் பிழை பெரும்பாலும் தானே அடிபட்டுப்போகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு மாஸ்டின் காற்றை இன்னோர் இடத்துக்குப் பொதுமைப்படுத்த இது பூமிச் சுழற்சி விசையை நம்புகிறது. டென்மார்க்கின் 55 டிகிரி அட்சரேகையில் அந்த விசையின் கெழு 0.00012. நம் 8 டிகிரியில் 0.00002தான், ஆறில் ஒரு பங்கு. அதனால் இங்கே மாஸ்டை விட்டுத் தூரம் போகப் போக வாஸ்ப்பின் சொல்லை நம்புவது கடினம். கணவாய்க்குக் கிழக்கே, திறந்த செம்மண் வெளியில், மாஸ்ட் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

சிஎஃப்டி: மலையடியில் வேறு வழியில்லை

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கணவாயில் நெருக்குண்டு வேகமெடுக்கிறது. மலையின் தோளை ஒட்டிய இடங்களில் அது பிரிகிறது, சுழல்கிறது. அங்கே சிஎஃப்டிதான்.

தளத்தைச் சுற்றி 6 கிலோமீட்டருக்கு 6 கிலோமீட்டர் சதுரத்தில் 25 மீட்டர் கட்டம் வைத்தால் ஓர் அடுக்குக்கு 57,600 செல். 50 அடுக்குக்கு 29 லட்சம். அதற்கு வெளியே கட்டத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கி இன்னும் பல கிலோமீட்டர் விட வேண்டும். மலையை எல்லையிலேயே வெட்டிவிட்டால் காற்று வாசலிலேயே தடம் மாறிவிடும். வழக்கமாக 30 டிகிரிக்கு ஒன்றாக 12 திசை ஓட்டுவார்கள். நமக்குக் காற்றின் பெரும்பங்கு மேற்குப் பக்கமிருந்தே வருவதால் அந்தப் பக்கம் 10 டிகிரிக்கு ஒன்று ஓட்டுங்கள். மற்ற திசைகளுக்கு 30 போதும்.

பலர் தவறவிடும் சோதனை ஒன்று உண்டு. மலையைச் சேர்க்கும் முன் வெறும் தட்டையான தரையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வாசலில் கொடுத்த காற்று வேக வரைகோடு கடைசி வரை மாறாமல் வர வேண்டும். தரைக்கு அருகே அது மெலிந்தாலோ வீங்கினாலோ, சொரசொரப்பு எண்ணும் தரையோரக் காற்றைக் கணக்கிடும் சுவர்ச் சார்பும் கொந்தளிப்பு மாறிலிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்தப் பிழையை வைத்துக்கொண்டு மலையை ஏற்றினால், வருகிற எண்ணில் எது மலையின் வேலை, எது பிழையின் வேலை என்று பிரிக்கவே முடியாது. நில உயரத்துக்கு இலவசச் செயற்கைக்கோள் தரவை எடுத்தால் தென்னந்தோப்பின் உச்சியும் தரையாகப் பதிவாகியிருக்கும். அதையும் திருத்த வேண்டும்.

வழக்கமான சிஎஃப்டி வெப்பத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனி, ஆடியில் வீசும் பலத்த காற்றுக்கு அது பெரிய குறையில்லை. மாசி, பங்குனியில் கடற்காற்றும் இரவின் அமைதியும் ஆளும்போது விடை பிசகும். ஆண்டு உற்பத்தியில் அந்த மாதங்களின் பங்கு சிறியது என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

டபிள்யூஆர்எஃப்: மாஸ்டுக்கு மாற்று அல்ல

9, 3, 1 கிலோமீட்டர் என்று மூன்றுக்கு ஒன்றாகக் கட்டங்களை உள்ளே அடுக்கி, ஈரா-5 என்ற உலகளாவிய கடந்தகால வானிலைத் தரவை எல்லையில் ஊட்டி ஓட்டுவது வழக்கம். கணக்கு ஒவ்வொரு முறை முன்னேறும் கால அடியை விநாடியில் சொன்னால் கிலோமீட்டரின் 6 மடங்கு: 9 கிலோமீட்டருக்கு 54 விநாடி. கணக்கு நிலைகுலைந்து வெடித்தால் 45க்கு இறக்குங்கள். முதல் 12 மணி நேர விடையைத் தூக்கிப் போடுங்கள்.

1 கிலோமீட்டர் கட்டம் என்றதும் கணவாய் தெளிவாகத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். இந்த மாடல் உண்மையில் பிரித்துக் காட்டுவது கட்டத்தைப் போல் ஏழு மடங்கு அளவுள்ள அமைப்புகளைத்தான். நம் கணவாய் சில கிலோமீட்டர் அகலம். மாடலுக்குள் அதன் பக்கச் சுவர்கள் மழுங்கிப்போகும், வேகம் குறைந்து தெரியும். கூடவே வரும் நில உயரத் தரவும் 900 மீட்டர் இடைவெளியில் எடுத்தது. உள் கட்டத்துக்கு அதை மாற்றியே ஆக வேண்டும்.

இதன் இடம் வேறு. மறுநாள் உற்பத்தியை 15 நிமிடத் துண்டுகளாக 96 எண்ணில் முன்கூட்டிச் சொல்வதை மற்ற இரண்டும் செய்ய முடியாது.

மூன்றையும் கெடுக்கும் தரவு

மாடலை விடவும் எங்களுக்கு அச்சம் தருவது மாஸ்ட் நிற்கும் இடம். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்தாடி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 மீட்டர் உயரத்தில் 30 மீட்டர் விட்டமுள்ள பழைய காத்தாடி, அதற்கு நேர் கிழக்கே 300 மீட்டரில் மாஸ்ட். காத்தாடியின் பின்னால் தளரும் காற்றைக் கணக்கிடும் யென்சன் சூத்திரத்தில் உந்துகெழு 0.8, விரிவு மாறிலி 0.075 போட்டால், காத்தாடியின் பின்னால் விரியும் தளர்ந்த காற்று மாஸ்டை அடையும்போது 77 மீட்டர் உயரம் வரை ஏறியிருக்கும், வேகம் 9 சதவீதம் குறைந்திருக்கும். 60 மீட்டர் கருவி விநாடிக்கு 8.0 மீட்டர் காட்ட வேண்டிய இடத்தில் 7.3 காட்டும். 100 மீட்டர் கருவி தளர்ச்சிக்கு மேலே இருப்பதால் 8.59 என்று சரியாகவே காட்டும்.

இப்போது இரண்டையும் வைத்து உயரத்துக்கு ஏற்ற ஏறுமுகம் கண்டால் 0.14 வர வேண்டிய அடுக்கெண் 0.32 ஆகிவிடும். அதைக் கொண்டு 140 மீட்டருக்கு நீட்டினால் 9.0 என்பது 9.56 ஆகும். வேகத்தில் 6 சதவீதம், ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதம் இல்லாத காற்று. மாஸ்ட் குறைத்து அளந்ததால் கணக்கு கூடிப்போகிறது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

வேறு ஊரில் பாதிக்கப்பட்ட திசையின் தரவை நீக்கிவிடுவார்கள். இங்கே மேற்குத் திசையை நீக்கினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. எனவே மாஸ்டைக் காத்தாடி வரிசைக்கு மேற்கே நடுங்கள். அல்லது ஹப் உயரம் வரை நடுங்கள். இரண்டும் ஆகாதென்றால் லேசரால் காற்றை அளக்கும் லைடார் கருவியை வாடகைக்கு எடுத்து ஆனி முதல் புரட்டாசி வரையாவது நிறுத்துங்கள்.

ஓர் ஆண்டுத் தரவை நீண்ட காலத்துக்கு நீட்ட ஈரா-5 கைகொடுக்கும். அதன் ஒரு கட்டம் 28 கிலோமீட்டர் சதுரம். கடல், மலை, வெளி மூன்றும் ஒரே எண்ணில் கலந்துவிடும் என்பதால் அதன் வேகத்தை அப்படியே எடுக்காமல், ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுங்கள். ஆடிக்கும் தைக்கும் தனித்தனிக் கோடு பொருத்துங்கள்.

கடைசியாக, இயந்திரத்தின் உற்பத்தி வரைகோட்டைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றின் அடர்த்தியைப் பாருங்கள். பட்டியலில் முதலில் கண்ணில் படுவது கனமீட்டருக்கு 1.225 கிலோ என்ற அடர்த்திக்கு வரைந்தது. 30 டிகிரி வெப்பத்தில் நம் காற்று 1.16தான்.