விட்டு விட்டு நிற்கும் அம்பாசடர்: டெஸ்ட் லேம்பா, மல்டிமீட்டரா, பாகத்தை மாற்றுவதா?

பாயின்ட் (கரன்ட்டை வெட்டி ஸ்பார்க் எழுப்பும் சிறு ஸ்விட்ச்), கன்டென்சர் (அது கருகாமல் காக்கும் பாகம்) வைத்த பழைய அம்பாசடர் கார் ஓடும்போது பட்டென்று நின்றுவிடும். பத்து நிமிடம் ஆறியதும் தானாக ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குப் போனால் கோளாறு தலைகாட்டாது. அதைப் பிடிக்க மூன்று வழி உண்டு: 12 வோல்ட் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப், டிஜிட்டல் மல்டிமீட்டர், சந்தேகப்பட்ட பாகத்தை மாற்றிப் பார்ப்பது. பலரும் மூன்றாவதில்தான் தொடங்குகிறார்கள், செலவு ஏறுவதும் அங்கேதான்.

எதை எடுத்தாலும், வண்டி எப்படி நின்றது என்பதை முதலில் கவனியுங்கள். சாவியை அணைத்ததுபோல் நின்றால் பெரும்பாலும் இக்னிஷன், அதாவது ஸ்பார்க் தரும் மின்சாரப் பக்கம். இருமி, இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

லேம்ப்

மல்டிமீட்டர் இழுக்கும் கரன்ட் மைக்ரோ ஆம்பியர் கணக்கு. பச்சை பூத்த டெர்மினல் வழியாகக்கூட அவ்வளவு வந்துவிடும், மீட்டரும் 12.4 வோல்ட் என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். ஸ்பார்க்குக்கு வோல்டேஜை ஏற்றித் தரும் 3 ஓம் காயிலுக்கோ 4 ஆம்பியர் வேண்டும். 21 வாட் இன்டிகேட்டர் பல்பு 1.75 ஆம்பியர் இழுப்பதால், கெட்ட இணைப்பில் மங்கி எரிந்து உண்மையைச் சொல்லிவிடும்.

இதன் பெரிய லாபம், ஓடும்போதே காவல் வைக்கலாம் என்பது. காயிலின் ஸ்விட்ச் பக்க டெர்மினலிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு வயரை டேஷ்போர்டுக்கு இழுத்து, 5 வாட் பல்பு மாட்டி, மறுமுனையை பாடியில் எர்த் செய்யுங்கள். ஃபியூஸை விட்டுவிடாதீர்கள். என்ஜின் நிற்கும்போது பல்பும் அணைந்தால் இக்னிஷன் ஸ்விட்ச், அதன் சாக்கெட், அங்கிருந்து வரும் வயர், இவற்றில் ஒன்று. பல்பு எரிந்தபடியே என்ஜின் நின்றால் காயிலோ அதற்குப் பிந்தியதோ.

பின்னது என்றால், நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள், லேம்பைக் காயிலின் பாயின்ட் பக்க டெர்மினலுக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டி ஸ்டார்ட்டர் அடியுங்கள். மின்னி மின்னி எரிந்தால் பாயின்ட் வேலை செய்கிறது. அணையாமல் எரிந்தால் பாயின்ட் எர்த் ஆகவில்லை: முகம் கருகியிருக்கலாம், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பாயின்ட் இருக்கும், ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) இருக்கும் மெல்லிய வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கலாம். ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ், பாயின்ட் தட்டைத் திருப்பும்போதெல்லாம் அந்த வயர் வளைகிறது. ஐடிலில் ஓடி, ஆக்சிலரேட்டர் மிதித்தால் வெட்டும் வண்டியில் முதல் சந்தேகம் இதன் மேல்தான். இழுத்துப் பாருங்கள், உறை ரப்பராய் நீண்டால் உள்ளே கம்பி இல்லை.

எரியவே இல்லையா? டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் காயிலில் கழற்றுங்கள். இப்போது எரிந்தால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது பாயின்ட், கன்டென்சர் பக்கம் எர்த்தில் ஷார்ட். அப்போதும் எரியாவிட்டால் காயில் உள்ளே அறுந்திருக்கிறது. இந்த இடத்தில் லேம்பை மாட்டியபடி வண்டி ஓட்டாதீர்கள். பாயின்ட்டுக்குக் குறுக்கே பல்பு இருந்தால் ஸ்பார்க் பலமிழக்கும்.

மல்டிமீட்டர்

லேம்ப் ஏரியாவைக் காட்டும், மீட்டர் இடத்தைக் காட்டும். கரன்ட் ஓடும்போது வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று பார்க்க இதுதான் சரி. சாவி ஆன், பாயின்ட் மூடிய நிலை: காயிலின் பாயின்ட் பக்கத்துக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. பேட்டரியின் உயிர் முனைக்கும் காயிலின் ஸ்விட்ச் பக்கத்துக்கும் இடையே 0.5 தாண்டினால் வழியில் ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. ஒவ்வொன்றாக மீட்டரை நகர்த்தினால் அகப்படும்.

காயிலின் ஓம் அளவில் ஒரு எச்சரிக்கை. குளிரில் 3 ஓம் இருந்தது சூட்டில் 3.7 ஆவது செம்பின் இயல்பு, கோளாறு அல்ல. மீட்டர் எண்ணே காட்டாமல் போனால்தான் அறுந்தது என்று அர்த்தம்.

மாற்றிப் பார்ப்பது

லேம்ப் மின்னுகிறது, ஆனால் ஸ்பார்க் இல்லை அல்லது நோஞ்சானாக இருக்கிறது என்றால் மீதி கன்டென்சர், காயிலின் ஹைடென்ஷன் (உயர் வோல்டேஜ்) பகுதி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார், அதன் மேல் மூடி. இங்கே மாற்றிப் பார்ப்பதே ஜெயிக்கும். கன்டென்சர் குளிரில் 0.2 மைக்ரோஃபாரட் சரியாகக் காட்டிவிட்டு, சூட்டில், சில நூறு வோல்ட்டில் ஒழுகும். சாதாரண மீட்டருக்கு அது தெரியாது. பழையதன் வயரைக் கழற்றிவிட்டு, நல்ல கன்டென்சரைக் காயிலின் பாயின்ட் பக்கத்துக்கும் எர்த்துக்கும் வெளியே கிளிப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

ரோட்டாருக்குப் பாகம்கூட வாங்க வேண்டாம். மூடியைக் கழற்றி, காயிலின் தடித்த வயர் முனையை ரோட்டார் தகட்டுக்கு 3 மி.மீ. மேலே, மர இடுக்கியில் பிடித்து, பாயின்ட்டைத் திறந்து மூடுங்கள். ஸ்பார்க் தாவினால் ரோட்டார் பிளந்து உள்ளுக்குள் எர்த் ஆகிறது.

பாயின்ட் மாற்றினால் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஒரே நேரத்தில் நாலு பாகத்தை மாற்றாதீர்கள், கெட்டது எதுவென்றே தெரியாது. புதுக் கன்டென்சரும் டப்பாவிலிருந்தே கெட்டு வருவதுண்டு.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளுக்கு இந்த வரிசை செல்லாது. அங்கே சென்சார், இ.சி.யு. (என்ஜின் கம்ப்யூட்டர்) வயர்களில் 21 வாட் பல்பை வைத்தால் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும், மீட்டர் மட்டும்தான்.