கன்னியாகுமரியில் நடந்து சாப்பிட: முதலில் சில்லறை, பிறகு பசி

இரண்டு டீ, இரண்டு பழ பஜ்ஜி. கையில் இருப்பது ஐந்நூறு ரூபாய்த் தாள். "சில்லற இல்லண்ணே, ஜிபே போடுங்க." போனில் இருப்பதோ சிங்கப்பூர் நம்பர். கண்ணாடி அலமாரிக்கு மேலே தொங்கும் ஸ்பீக்கர் பெட்டி, பக்கத்தில் நிற்கிறவர் போட்ட பதினைந்து ரூபாயைத் தெருவுக்கே அறிவிக்கிறது. பின்னால் வரிசை முனகுகிறது. பஜ்ஜி ஆறுகிறது.

மிச்சத்துக்கு மிட்டாய் கொடுத்த காலம் போயே போய்விட்டது. "நாளைக்குக் குடுங்க" என்ற காலமும்தான். கடைக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கல்லாவில் காசே விழாதபோது சில்லறைக்கு அவர் எங்கே போவார்? சிங்கப்பூரில் ஹாக்கர் என்கிற மலிவு உணவுக் கடையில் ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்கள், ஆனால் எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். பாரிஸ் ஈபிள் கோபுரத்தில் 2024 பிப்ரவரியிலிருந்து ஜிபே போன்ற ஆப்கள் ஓடும் இந்தியப் பணப் பரிமாற்ற முறையான யுபிஐ செல்லும். குமரிமுனையில் நம்மவருக்கு டீ வாங்க வழியில்லை!

சிங்கப்பூரில் போன்வழிப் பணம் அனுப்பும் பேநவ் இருக்கிறதே என்று நம்பி வருகிறவர்கள் கவனிக்க: 2023 பிப்ரவரியில் அது யுபிஐயோடு இணைந்தது உண்மைதான், ஆனால் அந்த வசதி ஆளுக்கு ஆள் பணம் அனுப்ப. கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆருக்கு அது உதவாது. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்து, அதில் வெளிநாட்டு நம்பர் பதிவாகியிருந்தால் யுபிஐ எடுக்கலாம். சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று குறிப்பிட்ட சில நாட்டு நம்பர்களுக்கு மட்டும்தான் இது. எல்லா வங்கியும் எல்லா ஆப்பும் இடம் கொடுப்பதில்லை. பதிவு செய்யும்போது அந்த சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். ஆகவே கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து முடித்து, ஐந்து ரூபாய் யாருக்காவது அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

பலருக்குக் கோளாறு ஆவது விமான நிலையத்தில். உள்ளூர் சிம் போடுவதற்காக வெளிநாட்டு சிம்மைக் கழற்றியதும், சிம் மாறிவிட்டது என்று ஆப் மறுபடி பதிவு கேட்கும். இரண்டு சிம் போடும் போன் என்றால் பழையது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இன்டர்நெட்டை மட்டும் புதிதுக்கு மாற்றுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்களுக்கு யுபிஐ ஒன் வேர்ல்டு என்ற, முன்கூட்டியே பணம் போட்டுச் செலவழிக்கும் போன் பணப்பை இருக்கிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டித்தான் எடுக்க முடியும்.

இதெல்லாம் தலைவலி என்றால் நோட்டுதான் கதி. ஏடிஎம்மில் 2000 கேட்டால் நான்கு ஐந்நூறு வந்து விழும். 400 என்று அடியுங்கள். இயந்திரத்தில் நூறோ இருநூறோ இருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். போன பயணத்து மிச்சமாக மேசை டிராயரில் கிடக்கும் இரண்டாயிரம் ரூபாய்த் தாளை நம்பாதீர்கள். 2023 மே மாதம் திரும்பப் பெற்ற அதை வங்கிக் கிளைகள் அதே ஆண்டு அக்டோபர் 7 வரைதான் வாங்கின. இப்போது ரிசர்வ் வங்கி அலுவலகம்தான். குமரிக்குப் பக்கம் திருவனந்தபுரம்.

காசுப் பிரச்சினை தீர்ந்தால், குமரி காலால் தின்ன வேண்டிய ஊர். ரயில் நிலையத்திலிருந்து கோயில் வரை சாவகாசமாக நடந்தாலே இருபது நிமிடம்தான். சூரிய உதயம் முடிந்ததும் கடற்கரைக் கூட்டம் மொத்தமும் சன்னதித் தெரு ஓட்டல்களில் விழும். அந்த நேரத்தில் புட்டு கேட்காதீர்கள். குழாயின் மேல் துளையில் ஆவி வந்த பிறகும் நாலைந்து நிமிடம் வேக வேண்டிய பண்டம் அது. கூட்டத்துக்குப் பயந்து முன்பே அவித்துக் கொட்டி வைத்தது காய்ந்து, தொண்டையை அடைக்கும். எட்டரைக்கு மேல், கண்ணெதிரே குழாயிலிருந்து தள்ளிக் கொடுக்கிற கடையாகப் பார்த்து உட்காருங்கள். பயறு, பப்படம், ஒரு மட்டிப்பழம் சேர்த்துப் பிசைந்தால், வெளிநாட்டில் உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கித் தின்கிற புட்டின் மேல் கோபமே வரும். மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பழுத்த பழத்தைப் பையில் போட்டு நடந்தால் கூழாகிவிடும். நாலு பழம் வாங்கி அங்கேயே தின்றுவிடுங்கள்.

பழ பஜ்ஜிக்கு ஏத்தன் (நேந்திரன்) பழத்தோலில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துவர்க்கும். எண்ணெய்ச் சூடு குறைந்தால் மாவு எண்ணெயைக் குடிக்கும். பேப்பரில் வைத்து அமுக்கினால் தெரிந்துவிடும். ஏத்தங்காய்ச் சிப்ஸைச் சுடச்சுடக் கட்டி வாங்குவது வீண் ஆசை. பைக்குள் வேர்த்து, ஊர் போய்ச் சேருமுன் நமுத்துவிடும்.

சாயங்காலம் மீன். செக்கச்செவேலென்று மசாலா பூசி அடுக்கி வைத்ததில் புதுசு எது பழசு எது என்று யாராலும் சொல்ல முடியாது. மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லுங்கள்: கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், சதையை அமுக்கினால் குழி விழாமல் எழ வேண்டும். மாதமும் முக்கியம். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குமரிக்குப் பக்கத்து மீன்பிடித் துறைமுகமான சின்னமுட்டம் இதில் வரும். குளச்சல் பக்கம், மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரு பக்கத்து விசைப்படகுகளும் கரையில்தான். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைக்கு நாம் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதும் சரியாக அப்போதுதான்! அந்நாளில் தட்டில் வரும் பெரிய நெய்மீன் (வஞ்சிரம்) துண்டு பெரும்பாலும் ஐஸில் கிடந்ததாகவே இருக்கும். நாட்டுப்படகில் வரும் சாளையும் (மத்தி) நெத்திலியும் மரச்சீனிக்கிழங்கோடு கிடைத்தால் அதைச் சாப்பிடுங்கள், விலையும் குறைவு. நெய்மீன்தான் வேண்டும் என்றால், கை காட்டுமுன் துண்டு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். ஹாக்கர் கடைப் பலகை மாதிரி விலை எழுதியிருக்கும் என்று பார்த்தால், மெனு அட்டையில் அந்த இடத்தில் வெறும் கோடுதான் இருக்கும்.