கல்லூரிப் பதிவேட்டில் ஆறு வருடம்: கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும்

எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர்களுக்காக இணையத்தில் ஒரு பதிவேடு தொடங்கியபோதே, 2019-ல், அதில் சேர்ந்துவிட்டேன். கோவைப் பக்கத்துக் கல்லூரி, மெக்கானிக்கல், 1997-ல் சேர்ந்து 2001-ல் வெளியே வந்த கூட்டம். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் ‘நாக்’ (NAAC) அமைப்பின் குழு மதிப்பிட வரும்போது முன்னாள் மாணவர் தொடர்பையும் பார்க்கும் என்பதால் கல்லூரிகளுக்கு இதில் திடீர் அக்கறை. காரணம் எதுவாக இருந்தால் என்ன, நமக்கு ஆள் கிடைத்தால் சரி.

சேருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ‘லாஸ்ட் நேம்’ கட்டாயமாம். எனக்கு இருப்பது ஒரு பெயர், அதன் முன்னால் ஓர் இனிஷியல். ஒற்றை எழுத்தை ஏற்கவில்லை என்பதால் அப்பா பெயரை முழுதாகப் போட்டேன். அன்றிலிருந்து பதிவேட்டின் அஞ்சல்கள் எல்லாம் அப்பாவை விளித்தே வருகின்றன. அவரிடம் காட்டினேன். “நன்கொடை கேட்டா நீயே குடுத்துரு” என்றார்.

அடுத்து, எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வி. பட்டியலில் அண்ணா மட்டும்தான். அந்த இணைப்பெல்லாம் நாங்கள் படித்து முடித்த பிறகு வந்தது. எங்கள் சான்றிதழில் இருப்பது பாரதியார் பல்கலைக்கழகம். வேறு வழியில்லாமல் ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனேன்.

தேடல் வசதி நன்றாகவே இருக்கிறது. துறை, ஆண்டு கொடுத்தால் பட்டியல் வரும். ஆனால் தமிழ்ப் பெயர்களை வைத்துத் தேடிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் நான்கு செந்தில்கள். எம்.செந்தில், கே.செந்தில் என்று இனிஷியலால்தான் ஆளைப் பிரித்தோம். இங்கே அந்த இனிஷியல் சிலருக்கு அப்பா பெயராக விரிந்துவிட்டது, சிலருக்குக் காணாமலே போய்விட்டது. ஆங்கிலத்தில் ‘தி’ எழுத ஒருவன் ‘டி-எச்’ போடுவான், இன்னொருவன் ‘டி’ மட்டும். பெயரின் முதல் மூன்று எழுத்து மட்டும் கொடுத்துத் தேடினால் எல்லோரும் வருகிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே உபாயம் இதுதான்.

வகுப்புப் பெண்களைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். கல்யாணத்துக்குப் பிறகு பலருக்கு இனிஷியலே மாறியிருக்கிறது. இரண்டு பேரைச் சொந்த ஊரை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். கைபேசி எண் எல்லோருக்கும் மறைந்தே இருப்பது நல்ல ஏற்பாடு. நாம் செய்தி அனுப்பி, அவர்கள் சம்மதித்தால்தான் தெரியும். ஒருவர் சம்மதிக்கவில்லை. சரி, அது அவர் விருப்பம்.

இனி ‘லேத்’ என்ற வகுப்புத் தோழனின் கதை. கடைசல் இயந்திரத்தின் பெயரால் அவனை அப்படித்தான் கூப்பிட்டோம். பாலிடெக்னிக் முடித்து 1998-ல் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன். லேத்தில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் ‘சக்’கை நாங்கள் மாட்டத் தடுமாறும்போது அவன் திரெட் கட்டிங், அதாவது மரை வெட்டுவதை, முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருப்பான். கணக்கு மட்டும் ஆகாது. மூன்றாம் செமஸ்டரில் நான் அவனுக்கு ஃபூரியர் கணக்கு சொல்லிக்கொடுத்தேன், அவன் எனக்கு டேப்பர் டர்னிங், அதாவது கூம்பாகக் கடைவது எப்படி என்று காட்டிக்கொடுத்தான். கடைசி நாளன்று நான் வாங்கி வைத்த அவனுடைய வீட்டு எண் அடுத்த வருடமே வேலை செய்யவில்லை.

பதிவேட்டில் மூன்று வருடம் தேடினேன், ஆளே இல்லை. ஒருநாள் ஜூனியர் ஒருவன் வேலை விஷயமாகக் கேட்டான் என்று 2002 பட்டியலைத் திறந்தால், நடுவில் நம் ஆள், சொந்த ஊர் பவானி! சேர்ந்த ஆண்டோடு நான்கைக் கூட்டி முடித்த ஆண்டைப் பதிவேடு தானாகவே போட்டுக்கொள்கிறது. டிப்ளமோ முடித்து வந்தவர்களுக்கு மூன்று வருடம்தான் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. எங்களோடு பரீட்சை எழுதிய ஆறு பேரும் ஜூனியர்களாக அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

செய்தி அனுப்பிப் பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது: “யாருடா, டூல ஒடச்சவனா?” கோவையில் கணபதி பகுதியில் சொந்தமாக ஜாப் வொர்க் பட்டறை வைத்திருக்கிறான். நானோ சரவணம்பட்டியில் குடியிருந்துகொண்டு தினமும் சத்தி ரோட்டில் அந்தப் பக்கம்தான் போய்வருகிறேன்.

குறைகள் இன்னும் உண்டு. இரண்டு பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதில் இருப்பவன் பதிவேட்டில் இன்னும் ‘ட்ரெயினி இன்ஜினியர்’. யாரும் திரும்ப வந்து திருத்துவதில்லை. ஆள் கிடைத்ததும் வாட்ஸ்அப் குழுவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறோம், அப்புறம் பதிவேட்டை யார் திறக்கிறார்கள்? இருந்தாலும் இதை விட மனமில்லை. ஆர்குட்டில் வைத்திருந்த எங்கள் குழு 2014 செப்டம்பரில் போனது, யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில். இரண்டிலும் இருந்த முகவரிகளை நாங்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த முறை, சம்மதித்தவர்களின் எண்களை ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

லேத்தின் ஆண்டைத் திருத்தச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதினேன். மதிப்பெண் பட்டியலின் அட்டெஸ்டட் நகல் வேண்டுமாம். அவனிடம் சொன்னதற்குச் சிரிக்கிறான்: “விடு மாப்ள, அந்த பேட்ச்ல நான்தான் சீனியர்.”