பப்ளிக் ஆப்ஷனா, கவர்ன்மென்ட் ஆப்ஷனா?

2009-ல் அமெரிக்காவில் ஒரே யோசனைக்கு இரண்டு பெயர்கள் ஓடின. தனியாரோடு போட்டியிட அரசே நடத்தும் ஒரு மருத்துவக் காப்பீடு, அவ்வளவுதான் சங்கதி.

‘பப்ளிக் ஆப்ஷன்’ என்றால் பொது நூலகம், பொதுப் பூங்கா போல ஒலிக்கும். பிரீமியம் குறையுமா என்று பேச்சு செலவுப் பக்கம் போகும். ‘கவர்ன்மென்ட் ஆப்ஷன்’ என்றாலோ கியூவும் அதிகாரியின் கையெழுத்தும்தான் கண்முன் வரும். இந்த யோசனையை எதிர்த்த குடியரசுக் கட்சிக்குச் சொல் தேடித் தந்த பிராங்க் லன்ட்ஸ் இந்த வித்தியாசத்தை டிவியிலேயே விளக்கினார். அந்த அக்டோபரில் ஃபாக்ஸ் நியூஸ் சேனலின் வாஷிங்டன் ஆசிரியர் பில் சாமன், முதல் பெயரை மொட்டையாகச் சொல்ல வேண்டாம் என்று செய்தியாளர்களுக்கு மின்னஞ்சலே அனுப்பினார்.

இரண்டாவது பெயர் பொய்யில்லை, அரசுதானே நடத்தும்? ஆனால் முதியோருக்கான மெடிகேரும் அரசுடையதுதான். அதற்கு மட்டும் இந்த அடைமொழி ஏனோ ஒட்டவில்லை. கடைசியில், 2010 மார்ச்சில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில், இரண்டு பெயர் வாங்கிய அந்த அரசுக் காப்பீடே இல்லை.