பவர்ஷெல்லிடம் "நீ யாருப்பா?" என்று கேட்க நாலு வழி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு, ராத்திரி பில்களை பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். புது வெர்ஷன் வந்தால் தன்னைத்தானே மறுபடி கிளப்பிக்கொள்ளும். விண்டோஸோடு வரும், கட்டளைகளை டைப் செய்து வேலை வாங்கும் பவர்ஷெல் 5.1-இல் பிரச்சினையே இல்லை. கடையில் ஒரு உபுண்டு லினக்ஸ் மெஷினும் சேர்ந்ததும், ரெண்டுக்கும் பொதுவாக இருக்கட்டுமே என்று பவர்ஷெல் 7-க்கு மாற்றினேன். மறுநாள் காலையிலேயே போன்: "தம்பி, நேத்து பில்லு எதுவும் ஏறலையே?"

தப்பு என்னுடையதுதான். மறுபடி கிளப்ப, எந்த எக்ஸியில் (கிளப்பக்கூடிய புரோகிராம் ஃபைல்) ஓடுகிறோம் என்பது தெரிய வேண்டும். அதை, பவர்ஷெல்லுக்கு அடித்தளமான டாட்நெட்டின் கெட்கமாண்ட்லைன்ஆர்க்ஸ், கிளம்பிய கட்டளை வரியைச் சொல் சொல்லாகப் பிரித்துத் தரும் பட்டியலில் 0-ஆவது இடத்திலிருந்து எடுத்திருந்தேன். 5.1-இல் அங்கே எக்ஸி இருந்தது. 7-இல் பிரிண்ட் பண்ணிப் பார்த்தால் பிடபிள்யூஎஸ்எச்.டிஎல்எல்! விண்டோஸ், உபுண்டு இரண்டிலும் அதே கதை. நான் டைப் செய்ததில் டிஎல்எல் என்ற பேச்சே கிடையாது.

காரணம் இதுதான்: நாம் கூப்பிடும் எக்ஸி வெறும் வாசற்கதவு. அது டாட்நெட் ரன்டைமை ஏற்றி, நிஜமான புரோகிராம் இருக்கும் டிஎல்எல்லை அதன் கையில் கொடுத்துவிடும். ரன்டைம் அந்த டிஎல்எல்லின் பாதையைப் பட்டியலின் தலையில் வைக்கும். பஸ் போர்டில் வள்ளலார் நகர் என்று இருந்தாலும் நாம் மிண்ட் என்போம், இறங்கும் இடம் ஒன்றுதான். இங்கே இரண்டும் வேறு வேறு ஃபைல். டிஎல்எல்லை எக்ஸி மாதிரி கிளப்பினால் கிளம்பாது.

ஆக 0-ஆவது இடம் இந்த வேலைக்கு ஆகாது. அடுத்தது, கெட்-ப்ராசஸ் கட்டளையிடம் $பிஐடி-யை, அதாவது இப்போது ஓடும் ப்ராசஸின் எண்ணை, கொடுத்து பாத்தைக் கேட்பது. 5.1, 7, விண்டோஸ், லினக்ஸ் எல்லாவற்றிலும் எக்ஸியின் முழுப் பாதை வரும். ஒரு சிக்கல் உண்டு: பவர்ஷெல்லின் ஐஎஸ்இ எடிட்டருக்குள் ஓட்டினால் ஐஎஸ்இயின் எக்ஸியைத்தான் காட்டும். அங்கே ப்ராசஸே அதுதானே, குறை சொல்ல முடியாது.

மூன்றாவது, டாட்நெட்டின் என்விரான்மென்ட் வகுப்பின் ப்ராசஸ்பாத் இன்னும் சுத்தம், ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஆனால் அது டாட்நெட் 6-இல் வந்தது. அதாவது 2021-இல் வெளியான பவர்ஷெல் 7.2 முதல்தான் கிடைக்கும். 5.1-இல் கேட்டால் எர்ரர்கூட வராது, ஸ்ட்ரிக்ட் மோட் (இல்லாததைக் கேட்டால் எர்ரர் தரும் அமைப்பு) போடாதவரை காலியாகத் திரும்பும். எர்ரராவது வந்திருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும்.

நாலாவது, பவர்ஷெல் குடியிருக்கும் $பிஎஸ்ஹோம் அடைவோடு எக்ஸியின் பெயரை நாமே ஒட்டுவது. 5.1-க்கு ஒரு பெயர், 7-க்கு வேறு பெயர், அதிலும் லினக்ஸில் எக்ஸி என்ற வாலே கிடையாது. ஓடும்தான், ஆனால் இத்தனை இஃப் போட்டு எழுத எனக்குப் பொறுமை இல்லை.

இந்தக் குழப்பம் பவர்ஷெல்லுக்கு மட்டும் சொந்தமில்லை. பைத்தானில் 0-ஆவது இடத்தில் ஸ்கிரிப்ட்டின் பெயர் இருக்கும்; அடித்த வரி முழுதாக வேண்டுமென்றால் 3.10-இல் வந்த ஒரிஜ்_ஆர்க்வி. நோடில் எக்ஸியின் முழுப் பாதை முதலிலும் ஸ்கிரிப்ட் அடுத்தும் நிற்கும். லினக்ஸின் பாஷில் -சி போட்டு ஒரு கட்டளையும், அதன் பின்னால் "கடை" என்று ஒரு சொல்லும் கொடுத்தால், $0 என்பது "கடை" ஆகிவிடும், $1 காலி. முதல் ஆர்குமெண்ட்டை யாரோ தின்றுவிட்டார்கள் என்று நான் அரை நாள் தேடியிருக்கிறேன்.

கடைக்குக் கெட்-ப்ராசஸையே போட்டேன், 5.1 மெஷின் ஒன்று இன்னும் பில்லிங் கவுண்டரில் இருப்பதால். பழைய பட்டியலை முழுதாகத் தூக்கிப் போடவில்லை. 0-ஐ விட்டுவிட்டு 1-இலிருந்து எடுத்தால், எந்தெந்த ஸ்விட்சோடு கிளம்பினோம் என்பது அதில் சரியாகவே இருக்கிறது. $ஆர்க்ஸில் ஸ்கிரிப்ட்டுக்கு வந்தவை மட்டும்தான் கிடைக்கும். அன்றைக்கு ராத்திரி பில் ஏறியது.