ஜிக்ஜாக் டேப்பா, ஊதுதுளையா? கிளைடர் இறக்கையின் அடிப்புறத்துக்கு எது தோது

எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடரின் இறக்கை அடிப்புறத்தில் காற்று வெகுதூரம் கலங்காமல் வழுக்கிக்கொண்டு போகும். 100 கி.மீ. வேகம், 70 செ.மீ. அகல இறக்கை என்றால் ரெய்னால்ட்ஸ் எண் (ஓட்டம் சீராக இருக்குமா, கலங்குமா என்பதற்கான அளவுகோல்) சுமார் 13 லட்சம். அந்த அளவில், பின்விளிம்பை நெருங்கி அழுத்தம் ஏறும் இடத்தில் சீரான ஓட்டம் பரப்பைவிட்டுக் கழன்று, கொஞ்சம் தள்ளி மறுபடி ஒட்டும். நடுவில் உருவாகும் குமிழியால் வீணாக இழுவை, அதாவது காற்றின் எதிர்ப்பு, கூடும். குமிழிக்குச் சற்று முன்பே காற்றைக் கலக்கிவிட்டால் அது கழலாது. கலக்குவதற்கு இரண்டு வழி உண்டு: பரப்பில் ஒட்டும் வளைநெளிவான ஜிக்ஜாக் டேப், அல்லது காற்றைப் பீய்ச்சும் ஊதுதுளை வரிசை.

ஊதுதுளை அழகான யோசனை. இறக்கைக்கு அடியில் ஒரு சிறு காற்றுவாய். அதில் புகும் காற்று உள்ளறை வழியே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகளின் நீண்ட வரிசையில் வெளியே பீறிடும். டிஜி-300, ஏஎஸ்டபிள்யூ 27 ஆகிய இரண்டு கிளைடர்களிலும் இதுதான். பரப்பில் எதுவும் துருத்தாது.

ஆனால் பராமரிப்பு? எங்கள் ஓட்டு டேப்புக்குப் போவது இங்கேதான். துளையை அடைப்பது பெரும்பாலும் மெழுகும் பாலிஷ் தூசியும். அங்கங்கே நாலைந்து அடைத்தால், அவற்றின் பின்னால் மட்டும் குமிழி திரும்ப வந்துவிடும். விமானியால் உணரவே முடியாது. கண்டுபிடிக்க, வேக்வம் கிளீனரின் ஊதுவாயைக் காற்றுவாயில் லேசாக வைத்து, துளை வரிசைமேல் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரைக்காத துளை அடைத்த துளை. அதே அளவு டிரில் பிட்டைக் கைவிரலால் சுழற்றித் திறக்க வேண்டும். மோட்டாரில் மாட்டினால் துளை பெரிதாகிவிடும். எல்லாம் திறந்தும் நுரை சோம்பலாக வந்தால் உள்ளறை ஒழுகுகிறது. அதைத் தேடி அடைப்பது தனி வேலை. ஜெல்கோட்டை (இறக்கையின் மேல்பூச்சை) புதுப்பித்தால் வரிசை முழுவதையும் திரும்பத் துளைக்க வேண்டும்.

டேப்புக்கு, பரப்பைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் அளவுகோலும் போதும். இடம்தான் உயிர். குமிழிக்குப் பின்னால் ஒட்டினால் பயனில்லை. ரொம்ப முன்னால் ஒட்டினால் சீரோட்டத்தை வீணாகக் கெடுக்கும். கையேட்டில் உள்ள அளவை நூல் பிடித்துக் குறியுங்கள். சந்தேகமிருந்தால் கருந்தூள் கலந்த எஞ்சின் ஆயிலைத் தடவி ஒரே வேகத்தில் பறந்து இறங்கிப் பாருங்கள்: குமிழி உள்ள இடத்தில் ஆயில் ஓடாமல் கோடாகத் தேங்கியிருக்கும். கனமும் முக்கியம்: மெலிந்தால் காற்று கலங்காது, தடித்தால் டேப்பே இழுவை. ஓரம் தூக்கினால் உரித்துப் புதிதாக ஒட்டுங்கள்; உரிக்கும்முன் ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டாவிட்டால் பழைய ஜெல்கோட் பெயர்ந்து வரும்.

சறுக்கு விகிதத்தில், அதாவது இறங்கும் உயரத்துக்கு எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதில், எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும்போது உள்ள வித்தியாசம், பறந்து அளப்பதில் வரும் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். தயாரிப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் துளைகளை மூடி டேப்புக்கு மாறவும் கூடாது. அது வடிவமைப்பு மாற்றம். துளைகள் எல்லாம் நுரைக்கின்றனவா, அப்படியே விடுங்கள். மெழுகு போடும் நாளில் மட்டும் வரிசைமேல் மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள், பறக்கும்முன் ஞாபகமாக உரித்தும் விடுங்கள்.